கொடுங்கோலர்க்கு அரியணை காப்பாமோ?

கோழி திருடியவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும் ஊர்களும், ஊரையே கொளுத்தியவனுக்கு மாலையிட்டு வரவேற்கும் அரசுகளும் நிறைந்ததே இவ்வுலகம். குற்றஞ் செய்தவன் எளிய குடிமகனாயின் சட்டம் அவன்மேற் பாய்கின்றது; அவனே கொற்றவனாயின் அதே சட்டம் அவன் காலடியிற் பதுங்கிக் கொள்கின்றது. தன் நாட்டு மக்களையே ஆயிரமாயிரமாகக் கொன்று குவித்தவன், ‘நாட்டின் தலைவன்’ என்னும் பெயரைப் போர்த்துக்கொண்டு அயல்நாட்டு விருந்துகளில் அமர்ந்திருக்கின்றான். அவன் கையைப் பற்றிக் குலுக்குவோர் அக்கையில் ஒட்டியுள்ள குருதியைக் காண்பதில்லை. காண விரும்புவதும் இல்லை.

அரசன் எனினும் குற்றவாளியே என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி வந்த ஒரு பெண், காவலர் சூழ்ந்த பாண்டியன் அவையில் நின்று, தவறியது மன்னனின் தீர்ப்பே என்று மெய்ப்பித்ததைப் பாடிய சிலப்பதிகாரம் அவர்தம் சொத்து. தான் மன்னன் என்பதால் தன்னை எவரும் வினவலாகாது என்று அப்பாண்டியன் சொல்லவில்லை, அரியணையிலேயே உயிர்நீத்தான். அச்செய்தியிற் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, மன்னனுக்கு நாண் இருந்தது. மற்றொன்று, கண்ணகியின் கையிற் சான்று இருந்தது. இற்றைக் கொடுங்கோலரிடம் முன்னது அறவே இல்லை. ஆகவே பின்னதே உலகிற்கு எஞ்சிய வழி. மாந்தகுலத்திற்கு எதிரான குற்றங்களை ஒறுக்கும் சட்டங்கள் இன்று ஏராளம். ஆயினும், சான்றை ஏந்திச் சோர்வின்றி மன்றம் ஏறும் கைகள் இருந்தால்தான் அவை இயங்கும். இல்லையேல் ஏட்டிலேயே உறங்கும்.

சொல் பிறந்தது, செயல் பிறக்கவில்லை

துருக்கிய ஆட்சியின்கீழ் ஆர்மீனியர் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டபொழுது, 1915 மே 24 அன்று, பிரித்தானியாவும் பிரான்சும் உருசியாவும் கூட்டாக ஓர் அறிக்கை விடுத்தன. நடப்பவை மாந்தகுலத்திற்கும் நாகரிகத்திற்கும் எதிரான குற்றங்கள் என்றும், அவற்றிற்கு அவ்வாட்சியினர் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பாவர் என்றும் அவ்வறிக்கை முழங்கிற்று. முழக்கம் எட்டாண்டுகளில் ஓய்ந்தது. 1923-இல் இலோசான் உடன்படிக்கை எழுதப்பட்டபொழுது அதனோடு பொதுமன்னிப்பும் சேர்த்து எழுதப்பட்டது. எல்லைகளும் வாணிகமும் பேசப்பட்ட அரங்கில் பிணங்களுக்காகப் பேசுவார் எவரும் இலர்.

பின்னர் இரண்டாம் உலகப்போர் முடிந்தது. செருமானிய நாசிகளை உசாவுவதற்கான பட்டயத்தில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் சோவியத்து ஒன்றியமும் இலண்டனில் ஒப்பமிட்டன. ‘மாந்தகுலத்திற்கு எதிரான குற்றம்’ என்பது முதன்முதலாகச் சட்டச் சொல்லானது அப்பட்டயத்திலேதான். ஒப்பமிட்ட நாளை நோக்குக: 1945 ஆகத்து 8. அதற்கு இரண்டு நாள் முன்னர் இரோசிமா எரிந்தது. அதற்கு மறுநாள் நாகசாகி எரிந்தது. இரண்டு அணுக்குண்டுகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில் மாந்தகுலத்தைக் காக்கும் சட்டம் எழுதப்பட்டது! நூரம்பர்க்கு மன்றம் 22 பேர்மேல் தீர்ப்புரைத்தது. 12 பேர்க்குத் தூக்கும், 7 பேர்க்குச் சிறையும், 3 பேர்க்கு விடுவிப்பும் அளித்தது. அணுக்குண்டு வீசியவரை உசாவ மன்றம் ஏதும் அமைக்கப்படவில்லை. வென்றவன் தோற்றவனை ஒறுத்தான். வென்றவனை ஒறுக்க எவனும் இலன்.

எனினும், கோடு கிழித்த கை கறைபட்டது என்பதற்காகக் கிழித்த கோடு வளைந்துவிடாது. நாட்டுத் தலைவன் என்னும் பதவி குற்றத்திற்குக் காப்பாகாது என்பதும், மேலிடத்துக் கட்டளை என்னும் சாக்கு கொலைஞனைத் தூய்மையாக்காது என்பதும் அம்மன்றம் நிறுத்திச் சென்ற இரு நெறிகள். 1998 சூலை 17 அன்று 120 நாடுகளின் ஒப்புதலோடு உருவான உரோமை உடன்படிக்கை அந்நெறிகளையே விரித்து எழுதிற்று. பொதுமக்கள்மேற் பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ நடத்தப்படும் தாக்குதலின் பகுதியாக, அதனை அறிந்தே செய்யப்படும் கொலை, அழித்தொழிப்பு, அடிமைப்படுத்தல், கொடுந்துன்புறுத்தல், வன்புணர்வு, காணாமலாக்கல் முதலியன மாந்தகுலத்திற்கு எதிரான குற்றங்கள் என்று அது வரையறுத்தது. போர் நடந்தாலும் நடவாவிடினும் அவை குற்றங்களே. 2002 சூலை 1 முதல் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

அங்கும் ஓர் ஓட்டை விடப்பட்டது. உடன்படிக்கையிற் சேராத நாட்டில் நடக்கும் குற்றத்தை அம்மன்றத்திற்கு அனுப்பும் உரிமை ஒன்றிய நாடுகளின் காப்பு மன்றத்தின் கையில் உள்ளது. அக்காப்பு மன்றத்தின் நிலையான உறுப்பினர் ஐவருள் அமெரிக்கா, உருசியா, சீனம் ஆகிய மூவர் அவ்வுடன்படிக்கையை ஏற்காதவர். 2014 மே மாதம் சிரியாவின் கொடுமைகளை அம்மன்றத்திற்கு அனுப்ப முயன்றபொழுது உருசியாவும் சீனமும் தடுப்புரிமையைப் பயன்படுத்தின. தன்மேற் பாயாத வேட்டைநாயை அடுத்தவன்மேல் ஏவும் உரிமையும், தன் நண்பன்மேற் பாயாமல் இழுத்துப் பிடிக்கும் உரிமையும் ஒருங்கே வல்லரசுகளுக்கு! இந்நிலையில், எளிய மக்கள் அம்மன்றத்தின் வாயிலை மட்டுமே நோக்கிக் காத்திருப்பது பேதைமை. அவர்க்கு வேறு வழியும் உண்டு என்று காட்டியது ஆப்பிரிக்கா.

சாடு நாட்டுக் கொடுங்கோலன்

ஆப்பிரிக்காவின் நடுவே கடற்கரையற்ற வறண்ட நாடு சாடு. 1982-இல் படைவலியால் ஆட்சியைப் பிடித்த இசேன் அப்ரே என்பவன் 1990 வரை அந்நாட்டை ஆண்டான். வடக்கே இலிபியாவின் கடாபியை மடக்குவதற்கு அமெரிக்காவிற்கும் பிரான்சிற்கும் ஒரு கையாள் தேவைப்பட்டான். படைக்கலமும் பணமும் அவனிடம் பாய்ந்தன. 1987 சூனில் வெள்ளை மாளிகையில் இரீகன் அவனை வரவேற்றார்.

அதே வேளையில் அவன் நாட்டில் நடந்ததென்ன? ‘ஆவணமும் பாதுகாப்பும்’ என்னும் இனிய பெயர்கொண்ட உளவுத்துறை ஊர் ஊராக மாந்தரை வேட்டையாடியது. 1984-இல் தென்னாட்டு மக்கள், 1987-இல் அசராய் இனத்தார், 1989-இல் சகாவா இனத்தார் என இனம் இனமாகக் குறிவைக்கப்பட்டனர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் நீச்சற்குளமாக இருந்த ஒன்றைக் காறையால் மூடி, நிலத்தடியிற் சிறையறைகளாகத் தடுத்து, அதற்குள் மக்களை அடைத்தனர். அவ்வறைகளில் உயிரோடிருந்தவர் செத்தவரோடு கிடந்தனர். ஆட்சி வீழ்ந்தபின் 1992-இல் சாடு நாட்டு உசாவற் குழு அளித்த கணக்கின்படி இறந்தோர் 40,000 பேர்.

1990 திசம்பரில் தன் படைத்தலைவனாக இருந்தவனே திரும்பி வந்து தாக்கியபொழுது, அப்ரே நாட்டின் கருவூலத்தை வழித்தெடுத்துக்கொண்டு செனகல் நாட்டிற்கு ஓடினான். தாக்கார் நகரில் மாளிகை வாங்கி வளமாக வாழ்ந்தான். உலகம் அவனை மறந்தது.

சிறைக்குழியிலிருந்து மீண்ட ஒருவர் மறக்கவில்லை. சுலைமான் கெங்கெங் என்னும் எளிய அலுவலர் இரண்டாண்டுகளுக்கு மேல் அச்சிறைகளிற் கிடந்து சாவின் விளிம்பைத் தொட்டவர். உயிர் மீண்டால் அக்கொடுமைகளை உலகறியச் செய்வதாக உள்ளேயே சூளுரைத்தவர். வெளியே வந்ததும் பாதிக்கப்பட்டோரைத் திரட்டிச் சங்கம் கண்டார். அவரும் அவர்தம் தோழரும் 792 பேரின் வாய்மொழிகளை எழுதித் தொகுத்தனர். அப்ரேயின் பழைய கையாள்கள் புதிய ஆட்சியிலும் பதவியில் இருந்தமையால் அவ்வேடுகளை வீட்டில் மறைத்துவைத்துக் காத்தார். அவர்களுக்காக வழக்காடிய சாக்குலின் மூதெய்னா என்னும் பெண் வழக்குரைஞர், 2001 சூனில் அமைதியாக நின்ற மகளிர் கூட்டத்தின்மேல் வீசப்பட்ட கைக்குண்டினால் காலிற் படுகாயமுற்றார். அதன்பின்னும் வழக்கை விட்டாரல்லர்.

எழுதாத சட்டம் கொலைஞனின் தோழன்

2000 சனவரியில் அவர்கள் தாக்கார் முறைமன்றத்தில் முறையிட்டனர். அடுத்த மாதமே அப்ரேமேற் குற்றஞ் சாட்டப்பட்டது. ஆனால், அவ்வாண்டு சூலையில் செனகலின் மேல்மன்றம் வழக்கைத் தள்ளிற்று. 2001 மார்ச்சில் அந்நாட்டின் தலைமை மன்றமும் அதனையே உறுதி செய்தது. கரணியம் யாது? கொடுந்துன்புறுத்தலுக்கு எதிரான உலக உடன்படிக்கையைச் செனகல் 1986-இலேயே ஏற்றிருந்தது. ஆனால், அயல்நாட்டில் நடந்த அக்குற்றத்தைத் தன் மன்றங்கள் உசாவலாம் என்று தன் உள்நாட்டுச் சட்டத்தில் எழுதவில்லை. எழுதாத ஒரு வரி, 40,000 சாவுகளுக்குப் பொறுப்பானவனைக் காத்தது.

அவ்வழி அடைபட்டதும் அவர்கள் பெல்சியத்தின் கதவைத் தட்டினர். 2005 செப்டம்பரில் அந்நாட்டு நடுவர் அப்ரேயைப் பிடிக்க ஆணையிட்டார். ஆப்பிரிக்கனை ஆப்பிரிக்காவிலேயே உசாவுக என்று 2006 சூலையில் ஆப்பிரிக்க ஒன்றியம் செனகலைப் பணித்தது. செனகல் தன் சட்டத்தைத் திருத்தியது. எனினும் பணமில்லை என்றும் பிறவும் சொல்லி ஆண்டுகளைக் கடத்தியது. பெல்சியம் உலக முறைமன்றத்திற்குச் சென்றது. 2012 சூலை 20 அன்று அம்மன்றம், மேலும் காலந்தாழ்த்தாமல் அவனை உசாவுக, அன்றேல் உசாவுவார் கையில் ஒப்படைக்க என்று தீர்ப்பளித்தது. செனகலிலும் ஆட்சி மாறியிருந்தது. செனகலும் ஆப்பிரிக்க ஒன்றியமும் இணைந்து தனிமன்றம் அமைத்தன. 2013-இல் அப்ரே சிறைப்பட்டான்.

அவனுக்கு எதிராக நின்ற பெருஞ்சான்று யாதெனில், அவனுடைய துறையின் ஏடுகளே. கைவிடப்பட்ட அவ்வுளவுத்துறைக் கட்டடத்தில் சிதறிக் கிடந்த பல்லாயிரம் ஏடுகள் 2001-இற் கண்டெடுக்கப்பட்டன. சிறையில் இறந்தோர் 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கொடுமைக்குள்ளான 12,321 பேரின் பெயர்கள் இருந்தன. 898 சிறையாளிகள் பற்றி அப்ரேக்கே நேராக அனுப்பப்பட்ட 1,265 செய்திகளும் இருந்தன. தனக்கு ஏதும் தெரியாது என்று இனி அவன் எவ்வாறு சொல்வது? ‘ஆவணம்’ என்று பெயர் சூட்டியவன் ஆவணத்தாலேயே வீழ்ந்தான்.

2015 சூலையில் உசாவல் தொடங்கியது. மன்றத்தை ஏற்க மறுத்தவனைத் தூக்கிவந்து அமர்த்தினர். தொண்ணூறுக்கு மேற்பட்டோர் சான்றுரைத்தனர். 2016 மே 30 அன்று வாழ்நாள் சிறை என்று தீர்ப்பாயிற்று. ஒரு நாட்டை ஆண்டவனை மற்றொரு நாட்டின் மன்றம் இத்தகைய குற்றங்களுக்காக ஒறுத்தது அதுவே முதன்முறை. 2017 ஏப்பிரலில் மேன்முறையீட்டிலும் அவ்வொறுப்பு நிலைத்தது. 7,396 பேர்க்கு 8,200 கோடி பிராங்கு இழப்பீடு என்றும் ஆணையாயிற்று. 2021 ஆகத்தில் அப்ரே சிறையாளியாகவே மாண்டான். அவன் மாளும்வரை அவ்விழப்பீடு மக்கள் கைக்கு வரவில்லை. 2024-இல்தான் சாடு அரசு ஒரு பகுதியை வழங்கத் தொடங்கிற்று. ஆகவே, முழு நயன்மை கிடைத்தது என்பார் பொய்யர். ஆனால், ஏதும் நடவாது என்று கைகட்டி இருந்தோர்க்கு அம்மக்கள் ஓங்கி அறைந்ததுபோல் விடை கூறிவிட்டனர்.

இந்தியச் சட்டத்தில் இல்லாத குற்றம்

செனகல் எழுதாமல் விட்ட வரியை இந்தியா எழுதியுள்ளதா? இல்லை. உரோமை உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. இனக்கொலைக்கு எதிரான உடன்படிக்கையை 1959-இல் ஏற்றது. அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை. கொடுந்துன்புறுத்தலுக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் ஒப்பமிட்டது, அதனை உறுதிசெய்யவில்லை. கையெழுத்து உலகின் கண்ணுக்கு. காலங்கடத்தல் உள்நாட்டு மக்களுக்கு!

1984 நவம்பரில் தில்லியில் அரசுக் கணக்கின்படியே 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர். அன்றைய ஆளுங்கட்சியைச் சார்ந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்க்கு வாழ்நாள் சிறை கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின. 2018 திசம்பர் 17 அன்று அத்தீர்ப்பை வழங்கிய தில்லி உயர்முறைமன்றம், மாந்தகுலத்திற்கு எதிரான குற்றமோ இனக்கொலையோ நாட்டின் குற்றவியற் சட்டத்தில் இல்லை என்றும், அவ்வோட்டை விரைந்து அடைக்கப்பட வேண்டும் என்றும் வெளிப்படையாகவே எழுதிற்று. ஆட்சியாளர் செய்ததென்ன? வடமொழிப் பெயர் சூட்டிப் புதிய குற்றவியற் சட்டம் இயற்றினர். 2024 சூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரை மாற்ற நேரம் இருந்தது. முறைமன்றம் சுட்டிய ஓட்டையை அடைக்க நேரம் இல்லை. பெயர் மாறிற்று, ஓட்டை அப்படியே உள்ளது.

அதே நாற்பதாயிரம்

2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஒன்றிய நாடுகள் பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இற் கூறிற்று. சாடு நாட்டில் எண்ணப்பட்டதும் நாற்பதாயிரம். ஈழத்தில் எண்ணப்பட்டதும் நாற்பதாயிரம். அங்கே ஒரு தீர்ப்பு உண்டு. இங்கே?

உள்நாட்டு மன்றம் உசாவும் என்பது கொழும்பின் விடை. அதன் தகுதியை மிருசுவில் காட்டும். 2000 திசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், விட்டுவந்த தம் வீடுகளைப் பார்த்துவரச் சென்ற தமிழர் எண்மர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். ஐந்து அகவைக் குழந்தையும் அவருள் ஒன்று. 2015-இல் படைஞர் ஒருவர்க்கே ஒருவர்க்குச் சாவொறுப்பு விதிக்கப்பட்டது. 2019-இல் இலங்கையின் தலைமை முறைமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அன்றைய குடியரசுத் தலைவர் கோத்தபய இராசபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். இருபதாண்டு முயன்று முறைமன்றம் பூட்டிய கதவை ஆட்சியாளரின் ஒரு கையெழுத்துத் திறந்துவிட்டது. அயல்நாட்டு நடுவரும் பங்குபெறும் தனிமன்றம் அமைப்பதாக 2015-இல் செனீவாவில் ஒப்பிய இலங்கை, 2020-இல் அவ்வொப்புதலிலிருந்தே விலகிக்கொண்டது.

தில்லி அரசோ, 2009 மேயில் மாந்தவுரிமை மன்றத்தில் இலங்கைக்கு இசைந்த தீர்மானத்திற்கு வாக்களித்தது. 2012, 2013 ஆண்டுகளில் மாற்றி வாக்களித்தது. 2014, 2021, 2022 ஆண்டுகளில் வாக்களிக்காமல் ஒதுங்கிற்று. இஃது அறத்தின் நிலைப்பாடு அன்று. அண்டை வாணிகத்தின் தராசு.

மூன்று சாக்குகள்

கொலைஞர்க்குத் துணைநிற்போர் சொல்லும் சாக்குகள் மூன்று. ‘இஃது எங்கள் உள்நாட்டுச் சிக்கல்’ என்பது முதலாவது. வீட்டுக்குள் நடந்தது என்பதற்காகக் கொலை வீட்டுச் சிக்கலாகிவிடுமா? இறையாண்மை என்பது மக்களைக் காக்கும் பொறுப்பே. மக்களைக் கொல்லும் உரிமம் அன்று.

‘பழம்புண்ணைக் கிளறாதீர்’ என்பது இரண்டாவது. உள்ளே முள் முறிந்து கிடக்க மேலே தோல் மூடினால் அது புண் ஆறுவது அன்று, சீழ் கட்டுவது. 2017 பிப்பிரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமலாக்கப்பட்ட தம் மக்களின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாருள் பலர் விடை அறியாமலே இறந்து போயினர். அவர்களிடம் சென்று மறந்துவிடுக என்று சொல்லும் துணிவு எவர்க்கு உண்டு?

‘வல்லரசுகளின் குற்றங்களை விட்டுவிட்டு எளியவனை மட்டும் பிடிப்பது முறையோ?’ என்பது மூன்றாவது. கேள்வி நேரியதே, அதனைக் கேட்கும் வாய்தான் நேரியதன்று. ஊரில் நூறு திருடர் உளர் என்பதற்காகப் பிடிபட்ட திருடனை விடுவித்தல் ஆகாது. எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மரையும் தேடுவதே கடன். அவ்வாறு தேடுங்கால் அளவுகோல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சிங்களப் படை செய்தாலும் குற்றம் குற்றமே. தமிழன் செய்தாலும் குற்றம் குற்றமே. தன் பக்கத்தை உசாவ அஞ்சுகின்றவன் எதிர்ப்பக்கத்தை உசாவக் கேட்கும் தகுதியை இழக்கின்றான்.

செய்யத்தக்கது

உலக மன்றம் தானே வரும் என்று காத்திருத்தல் வீண். மாந்தகுலத்திற்கு எதிரான குற்றங்களுக்கெனத் தனி உடன்படிக்கை காணும் மாநாட்டை 2028, 2029 ஆண்டுகளிற் கூட்ட ஒன்றிய நாடுகளின் பொது அவை 2024 திசம்பரில் முடிவு செய்தது. அது நன்று. ஆனால், அதற்கு முன்னரே சட்டம் எழுதிவைத்த நாடுகள் உள. செருமனி 2002-இல் எழுதியது. அதன்படியே 2022 சனவரியில் சிரியா நாட்டு உளவுத்துறை அலுவலர் ஒருவர்க்குக் கோபிளென்சு மன்றம் வாழ்நாள் சிறை விதித்தது. கனடா 2000-இலும் பிரித்தானியா 2001-இலும் சட்டம் செய்தன. அந்நாடுகளிலெல்லாம் தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர், வரிசெலுத்துகின்றனர், வாக்களிக்கின்றனர். அவர்தம் கையில் இருக்க வேண்டியவை கொடிகள் மட்டும் அல்ல, கோப்புகளும் ஆகும். கண்டவர் உயிரோடிருக்கும்பொழுதே அவர்தம் வாய்மொழி, நாளும் இடமும் பெயரும் பிழையாமல், மன்றம் ஏற்கும் முறையில் எழுதப்படல் வேண்டும். 2021 முதல் ஒன்றிய நாடுகளின் மாந்தவுரிமை அலுவலகம் திரட்டிவரும் சான்றுகளோடு அவை சேர்க்கப்படல் வேண்டும். மிகைப்படுத்திய ஒரு சொல் ஆயிரம் மெய்யைக் கெடுக்கும் என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும்.

தாய்த்தமிழகத்தார் கேட்க வேண்டுவது தெளிவானது. இந்தியா உரோமை உடன்படிக்கையை ஏற்கவேண்டும். கொடுந்துன்புறுத்தலுக்கு எதிரான உடன்படிக்கையை உறுதிசெய்யவேண்டும். தில்லி உயர்முறைமன்றம் சுட்டிய ஓட்டையை அடைத்து, மாந்தகுலத்திற்கு எதிரான குற்றத்தை உள்நாட்டுச் சட்டத்தில் எழுதவேண்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியையும் இம்மூன்றையும் வினவுக. மேடையில் ஈழத்திற்காகக் கண்ணீர் வடித்து, நாடாளுமன்றத்தில் இச்சட்டத்திற்காக ஒரு சொல்லும் உதிர்க்காதவரை அடையாளம் காண்க.

சுலைமான் கெங்கெங்கிற்குப் படை இல்லை, நாடு துணையில்லை, பணமும் இல்லை. 792 பேரின் சொற்களை அவர் காத்தார். இருபத்தைந்து ஆண்டு நடந்தார். கொடுங்கோலனைக் கூண்டில் நிறுத்தினார். முள்ளிவாய்க்கால் முடிந்து ஆண்டுகள் கடந்துகொண்டிருக்கின்றன. கண்டவர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். கொலைஞர் எதிர்நோக்குவதும் அதனையே. தமிழர் எழுதத் தொடங்கட்டும்!